அந்த போல்ட்டை இறுக்கிய மகராசனுக்கு

ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பானர் போடுகிற சின்ன போல்ட், 6 மில்லிமீட்டர் மரை, அதுவும் அலுமினியத்துக்குள் ஏறுகிறது என்றால் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். அதாவது ஸ்பானரை நடுவில் பிடித்து மணிக்கட்டால் ஒரு இழுப்பு. முடிந்தது. ஆனால் எனக்கு முன்னால் என் காரில் கை வைத்த கராஜ் பாஸ் மகராசனுக்கு மணிக்கட்டு என்று ஒன்று படைக்கப்படவே இல்லை, தோளில் இருந்து நேராக ஸ்பானர்தான். பத்தாததற்கு பைப் செருகியும் இழுத்திருப்பார். இழுத்துவிட்டு, "இனி ஜென்மத்துக்கும் அசையாது தம்பி" என்று பெருமையாக வேறு சொன்னார், என் காதாலேயே கேட்டேன். அசையவில்லை பாஸ். சத்தியமாக அசையவில்லை. நன்றாக இருங்கள்.

இத்தனைக்கும் எஞ்சினைப் பிரித்து மேய்கிற வேலையா செய்தேன்? எஞ்சின் சூட்டை அளவாக வைக்கிற தெர்மோஸ்டாட்டைப் போடப் போனேன். ரேடியேட்டர் ஹோஸ் வந்து எஞ்சினில் சேருகிற இடத்தில் உள்ளங்கை அளவில் ஒரு மூடி, அதில் ரெண்டே ரெண்டு போல்ட். கழற்று, உள்ளே தெர்மோஸ்டாட்டை வை, புது கெஸ்கட் போடு, பூட்டு. காலைச் சாப்பாட்டுக்கு முன் முடிய வேண்டிய சமாச்சாரம்.

தெர்மோஸ்டாட் ஏன் இல்லை என்று கேட்க மாட்டீர்கள், இந்த இலங்கையில் பழைய கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். எப்போதோ ஒருநாள் எஞ்சின் சூடாகிறது என்று கராஜுக்குக் கொண்டுபோனால், முதல் வைத்தியமே அதைப் பிடுங்கி எறிவதுதான். "நம்ம நாட்டு வெயிலுக்கு இதெல்லாம் தேவையில்ல தம்பி, வெள்ளக்காரன் நாட்டுக்குச் செஞ்சது." எந்த நாட்டு வெயில்? மலைநாட்டு ஹட்டனில் நின்றுகொண்டு சொல்கிறார் இதை. ஆடி மாசம் துவைத்துப் போட்ட பள்ளிக்கூடச் சட்டை மூன்றாம் நாள் அடுப்புக்கு மேல் தொங்குகிற ஊரில் நின்றுகொண்டு, சுவெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு, "நம்ம நாட்டு வெயிலுக்கு".

அந்தச் சாமானின் வேலையே எஞ்சின் 80 டிகிரி சொச்சத்துக்குச் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறித்து வைப்பது. அது இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீர் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். டிக்கோயாவில் இருந்து ஏறி, கொட்டகலை தாண்டி, தலவாக்கலையில் இறங்கும் வரைக்கும் சூட்டு முள் படுத்த படுக்கையை விட்டு எழும்பாது. எஞ்சின் இன்னும் குளிரில் நடுங்குகிறது என்று காரின் மூளையும் நம்பி, பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ஊற்றும். அந்தப் பெட்ரோலுக்கு பாஸ் காசு தருவாரா? மாட்டார்.

சரி, இன்னொரு கேள்வி கேட்டேன் அன்றைக்கு. ரேடியேட்டருக்கு கூலன்ட் ஊற்றவில்லையா பாஸ் என்று. அதற்கு அதே வாய், அதே நிமிஷம், "கூலன்ட் எதுக்கு தம்பி, நம்ம ஊரே குளிர்தானே" என்று சொல்லிவிட்டு, பீலியில் பிடித்த தண்ணீரை வாளியோடு சாய்த்தது. கவனியுங்கள். தெர்மோஸ்டாட்டுக்கு நாம் வெயில் நாடு. கூலன்டுக்கு நாம் குளிர் ஊர். அவர் கையில் என்ன இல்லையோ, அது நமக்குத் தேவை இல்லை. இந்த ஞானம் இருந்தால் மனிதன் எந்தத் தொழிலையும் செய்யலாம்.

கூலன்ட் குளிர்ச்சிக்கு மட்டும் ஊற்றுகிற சர்பத் இல்லை. உள்ளே உலோகத்தை அரிக்க விடாமல் காக்கிற மருந்தும் அதில்தான் இருக்கிறது. வெறும் தண்ணீரை ஊற்றி, அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட்டைப் போட்டு, மேலே சூடும் ஈரமும் மாறி மாறி வந்தால், மரைக்குள் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, போல்ட்டும் அலுமினியமும் கல்யாணம் முடித்துக்கொள்ளும். விவாகரத்துக்கு நான் ஓட வேண்டும்.

புதுக் கார் வாங்க வேண்டியதுதானே என்று எங்காவது ஒரு நல்லவர் முணுமுணுப்பது கேட்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் என் வயதில் பாதி வயதான ஓட்டைக் கார்களுக்கெல்லாம் தங்கத்தின் கௌரவம் வந்துவிட்டது. இப்போது திறந்திருக்கிறது, போய் வரியை மட்டும் ஒருதரம் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

போல்ட்டுக்கு வருகிறேன். முதல் போல்ட் நல்ல பிள்ளை. எண்ணெய் அடித்து, கொஞ்சம் ஊறவிட்டு, சொக்கெட்டை வைத்து இழுத்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம். ஸ்பானர் பிடித்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும், அதற்குக் கோயில் கட்டலாம். கையாலேயே சுழற்றி எடுத்து வைத்தேன். ஆகா, இன்றைக்கு நமக்கு நல்ல நேரம் என்று நினைத்தேனா, அங்கேதான் சனி பகவான் காதைத் தீட்டியிருக்கிறார்.

ரெண்டாவது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து வகுப்பெடுப்பீர்கள். ஆறு மூலை சொக்கெட்தான் போட்டேன். பன்னிரண்டு பல் ரிங் ஸ்பானர் இல்லை. முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் அடித்து ஊறவும் வைத்தேன். அப்படியும், சொக்கெட்டை வைத்த உடனேயே தெரிந்தது அந்தத் தலையின் லட்சணம். ஆறு மூலையில் நாலு ஏற்கெனவே மழுங்கிப் பளபளத்தது, மகராசன் போன முறையே பதினொன்றாம் நம்பரைப் போட்டுக் கடைந்திருக்கிறார். மெதுவாக, மிக மெதுவாக, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பாரம் கொடுத்தேன். ஸ்பானர் நகர்ந்தது. அந்த ஒரு கணம் இருக்கிறதே, கை சொல்கிறது வந்துவிட்டது என்று, மனசு துள்ளுகிறது, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அப்புறம் குனிந்து பார்த்தால் போல்ட் தவம் இருக்கிறது, சொக்கெட் மட்டும் அதன் தலையைச் சுற்றி வலம் வந்திருக்கிறது. மிச்சம் இருந்த மூலையில் இருந்து தலைமுடி போல மெல்லிய இரும்புச் சுருள் ஒன்று எழும்பி நின்றது. விரல் முட்டி போய் இடித்த இடம் அல்டர்னேட்டர் பிராக்கெட். தோல் இன்னமும் அங்கேதான் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம்.

வைஸ் கிரிப்பை வைத்துக் கவ்வினேன். கவ்வி, கடித்து, மிச்சம் இருந்த மானத்தையும் வழித்தெடுத்துக்கொண்டு வந்தது. இப்போது தலை உருண்டை. சுத்தமான உருண்டை. கொம்பாஸ் வைத்து வரைந்தாலும் அப்படி வராது.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. மலைநாட்டில் வீடு கட்டினால் அதுதான் விதி, ஒருவன் வாசல் இன்னொருவன் கூரைக்குச் சமம். அதனால் மேலே ரோட்டில் போகிற வருகிற ஆட்கள் எல்லாரும் கம்பியில் சாய்ந்து எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பார்த்தால் பரவாயில்லை, கமென்டரி வேறு. "மண்ணெண்ணெய் ஊத்துங்க அண்ணே." "பிரேக் ஒயில்தான் மச்சான் சரி." "கொக்கா கோலா ஊத்தி ராவைக்கு வெச்சிருங்க, காலையில தானா வரும்." தானா வருமாம். தானாக வருகிற ஜாதியாக இருந்தால் நான் ஏன் தார்ப்பாய்க்குக் கீழே தூறலில் நனைந்துகொண்டு குந்தியிருக்கிறேன்? ஒரு பொடியன் மட்டும், பத்தாம் வகுப்பு இருக்கும், "சுத்தியலால நேரா தலையில ரெண்டு போட்டுட்டு திருப்புங்க மாமா, துரு விட்டுக்குடுக்கும்" என்றான். அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான், அவனையும் அவன் அம்மா டியூஷனுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் யூடியூப். பெயர் சொல்ல மாட்டேன், எல்லாம் ஒன்றுதான். கண்ணாடி மாதிரித் தரை, தலைக்கு மேல் லைட், ஒருவர் புத்தம் புதுக் கையுறை போட்டுக்கொண்டு ஓட்டை போட்டு எக்ஸ்ட்ராக்டரை முறுக்குகிறார், போல்ட் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறது. அந்த எக்ஸ்ட்ராக்டர் உள்ளே உடைந்தால் என்ன ஆகும் என்று எவனாவது காட்டுகிறானா? அது போல்ட்டைவிடக் கடினமான உருக்கு. உடைந்தால் சாதாரண ட்ரில் பிட் அதில் வழுக்கும், இறங்காது. அப்புறம் மூடியை மட்டும் இல்லை, அது உட்காருகிற பாகத்தையே லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்கிடையில் அம்மா வேறு, "குளிக்கிற வாளிய எண்ணெத் தண்ணி புடிக்கவா வாங்கினோம்?" என்று வாசலில் நின்று நியாயம் கேட்டார். அதற்கும் பாஸ்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் ஃபிட்டர் மாமா வந்தார். தேயிலை ஃபெக்டரியில் காலம் தள்ளிய மனுஷன். அங்கே உள்ள பழைய ரோலர், டிரையர் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், பெல்ஃபாஸ்ட்டில் செய்த சிரோக்கோ டிரையர் என்றால் அவருக்குச் சாமி. எல்லாம் அங்குலக் கணக்கு. அதனால் அவர் பெட்டியில் இருக்கிற சொக்கெட் எதுவும் நம் ஜப்பான் காருக்குச் சரியாகப் பொருந்தாது. அந்தப் பொருந்தாததுதான் இங்கே வேண்டும். 3/8 அங்குலம் என்றால் ஒன்பதரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. உருண்டையாகிப்போன பத்தாம் நம்பர் தலைக்கு மேல் அதை வைத்து சுத்தியலால் அறைந்து ஏற்றினார். ஏறி இறுகி உட்கார்ந்தது. நீட்டுக் கைப்பிடியை மாட்டி, "இப்ப புடி மருமகனே" என்றார். பிடித்தேன். கொஞ்சம் கொடுத்தது. இன்னும் கொஞ்சம். ரோட்டில் கம்பியில் சாய்ந்திருந்தவர்கள்கூட வாயை மூடினார்கள். இன்னும் கொஞ்சம்.

டக்.

சொக்கெட்டுக்குள் தலை. மூடிக்குள் முண்டம்.

நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, அம்மா இதையெல்லாம் படிக்கிறார். மாமா மட்டும், "நல்லதா போச்சு" என்று சிரித்தார். மனுஷனை அந்த இடத்திலேயே அடித்திருப்பேன், ஆனால் அவர் சொன்னது சரி. தலை போனால் மூடி தானாகக் கழன்று வரும், மூடியின் கனம் அளவுக்குப் போல்ட்டின் உடம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் கொஞ்சம் பெரிய நட் ஒன்றைக் கவிழ்த்து, ஓட்டைக்குள் வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் புதுத் தலை. கேட் செய்கிற தம்பியிடம் வெல்டிங் பிளான்ட்டை வாங்கி, பேட்டரி வயரைக் கழற்றி, எல்லாம் தயாராகி மாமா கண்ணாடியை முகத்துக்கு இறக்கிய கையோடு கரண்ட் போனது. வேறு எப்போது போகும்? மழை வலுத்தது, இருட்டு வந்தது, கரண்ட் வந்த பாடில்லை. மறுநாள்தான் ஒட்டினோம். அந்தச் சூட்டில் போல்ட் விரிந்து, ஆறும்போது சுருங்கி, மரைக்குள் பிடித்திருந்த உப்பு விட்டுவிட்டது. சாதாரண ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்ததும், எதுவுமே நடக்காத மாதிரி வந்தது. மரை முழுக்க வெள்ளை மாவு.

மூடிக்கு அடியில் என்ன இருந்தது தெரியுமா? கெஸ்கட் இல்லை. சிலிக்கன். பிறந்தநாள் கேக்குக்கு ஐசிங் பூசுகிற மாதிரி உள்ளேயும் வெளியேயும் வழிய வழிய அப்பி வைத்திருந்தார். பில்லில் கெஸ்கட்டுக்குத் தனியாகக் காசு போட்டிருந்தது. ரசீது இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட் போட்டாயிற்று. கூலன்ட் ஊற்றியாயிற்று. புது போல்ட்டை மணிக்கட்டால் மட்டும் இறுக்கினேன். ஒரு ஓட்டம் பார்க்கலாம் என்று மாமாவையும் ஏற்றிக்கொண்டு நானுஓயா வரை போனோம், முள் பாதிக்கு வந்து அசையாமல் நின்றது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, மாமாவும் சிரித்தார், ரெண்டு பேரும் பைத்தியக்காரர்கள் மாதிரிச் சிரித்துக்கொண்டு, சரி ஒரு தேத்தண்ணி குடிப்போம் என்று ரோட்டோரத்தில் பளபளவென்று இருந்த ஒரு கடையில் ஏறினோம். சுற்றி வர மலை மலையாகத் தேயிலை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் கொழுந்து. அந்த இடத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டால், பேப்பர் கப்பில் வெந்நீர், அதில் நூல் கட்டிய ஒரு பை! விளைகிறதில் பெரும் பங்கு கப்பல் ஏறுகிறது, தெரியும், அதற்காகப் பறிக்கிற ஊரில் இதுவா? ஆயுசு முழுக்க இலை வாட்டி அரைத்த மனுஷன் அந்தப் பையை நூலில் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார், சாயம் இறங்குகிறதா என்று. விலையைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சீனி பொட்டலம் ஆளுக்கு ஒன்றுதானாம், ரெண்டாவது வேண்டும் என்றால் தனிக் காசாம்.