சின்ன வீடென்றாலும் குழந்தை ஆடத்தான் வேண்டும்

"வீடு சின்னது மிஸ். ஓட விட எங்க இடம் இருக்கு? அதான் போனைக் கொடுத்துடறோம்." பெற்றோர் கூட்டத்தில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்கிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போய், ஏழு மணிக்கு வீடு திரும்பி, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறைக்குள் குடும்பம் நடத்துகிறவர்கள். நானும் அப்படிப்பட்ட ஒரு வாடகை வீட்டில்தான் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன். பகலில் எல்கேஜி வகுப்பு எடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பத்துக்குப் பன்னிரண்டு ஹால் ஒரு குழந்தையின் உடம்புக்குத் தேவையானதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். அந்த ஹாலை நாம் நாற்காலிக்கும் டிவிக்கும் கொடுத்துவிட்டு, குழந்தையை ஓரத்தில் உட்கார வைக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

பள்ளியில் ஐம்புலன் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அதோடு இன்னும் இரண்டு இருக்கின்றன, யாரும் சொல்லித் தருவதில்லை. ஒன்று, காதுக்கு உள்ளே இருக்கும் சமநிலைப் புலன். அங்கே மூன்று அரைவட்டக் குழாய்களில் திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது அது அசைந்து, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. இன்னொன்று தசையிலும் மூட்டிலும் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிகிறதே, அது இந்தப் புலனால்தான். பென்சிலை எவ்வளவு அழுத்த வேண்டும், டம்ளரை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும், நண்பனைக் கட்டிப்பிடித்தால் அவனுக்கு வலிக்குமா வலிக்காதா என்பதெல்லாம் இதன் கணக்கு. ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) 1960, 70களில் இந்த இரண்டையும் தொடுபுலனையும் அடித்தளமாக வைத்துத்தான் குழந்தைகளின் கற்றலைப் பற்றி எழுதினார். அவருடைய கோட்பாட்டின் எல்லாப் பகுதியையும் எல்லோரும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் சுற்றுவது, தொங்குவது, தள்ளுவது, பிசைவது எல்லாம் பிள்ளைகளுக்கு வெறும் சேட்டை இல்லை, உடம்பு கேட்கும் தீனி என்பதை வகுப்பில் நான் கண்ணால் பார்க்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும். மூன்று, நான்கு வயதில் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு இருக்க வேண்டும். இன்னும் தவழாத கைக்குழந்தை, விழித்திருக்கும் நேரத்தில் மொத்தம் அரைமணி நேரமாவது குப்புறப் படுத்திருக்க வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 180 நிமிடம் என்றதும் மலைக்க வேண்டாம். ஒரே மூச்சில் ஆட வேண்டியதில்லை. காலையில் பத்து நிமிடம், சமைக்கும்போது கால்மணி, குளிக்கும்போது கொஞ்சம் என்று நாள் முழுக்கச் சிதறியிருந்தால் போதும். மைதானத்தைத் தேடிப் போய்த்தான் அதை நிரப்ப வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

முதல் வேலை, ஹாலின் நடுவில் இருக்கும் டீப்பாயைத் தூக்குங்கள். விருந்தாளிக்குக் காபி வைப்பதற்காக மாதத்தில் இரண்டு நாள் பயன்படும் பொருள், மீதி நாளெல்லாம் குழந்தையின் நெற்றியைப் பதம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சோபாவைச் சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள். நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவு தரை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். போர்வை வண்டி. பழைய பருத்திப் போர்வை ஒன்று. சின்னவள் அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்காருவாள். பெரியவன் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தோளுக்கு மேல் போட்டு, மாட்டைப் போல முன்னால் சாய்ந்து இழுப்பான். மொசைக் தரையில் போர்வை வழுக்கிக்கொண்டு போகும். முதல் அடிதான் அவனுக்குக் கஷ்டம். கால் விரல்கள் தரையைக் கவ்வும், கெண்டைக்கால் இறுகும், பல்லைக் கடித்துக்கொள்வான். நகர ஆரம்பித்ததும் முகம் மலரும். அவள் பக்கம் பாருங்கள். திருப்பத்தில் உடம்பு ஒரு பக்கம் சாயும், உடனே இடுப்பை மறுபக்கம் வளைத்து நிமிர்வாள். யாரும் சொல்லித் தரவில்லை. மேலே சொன்ன இரண்டு புலனும் அந்தப் போர்வைக்குள் வேலை செய்கின்றன: இழுப்பவனுக்குத் தசையும் மூட்டும், உட்கார்ந்தவளுக்குக் காதுக்குள் இருக்கும் தராசு. ஹால் முடிந்து சமையலறை வாசல் வந்ததும் ஆள் மாற்றிக்கொள்வார்கள். அண்ணனை இழுக்க முடியாமல் அவள் பின்னுக்குச் சரிந்து விழுந்து சிரிப்பதும் இதில் சேர்த்திதான். கூடப்பிறந்தவர் இல்லையென்றால் துவரம்பருப்பு டப்பா, புத்தகப் பை, தண்ணீர் கேன் என எதை வேண்டுமானாலும் சவாரி ஏற்றலாம்.

கீழ்வீட்டுக்காரர் என்று ஒருவர் இருக்கிறாரே என்பீர்கள். நியாயம்தான். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவர் இருப்பார், உடம்பு முடியாத பெரியவர் இருப்பார். மாடி வீட்டில் குதிப்பதைத்தான் குறைக்க வேண்டும், அசைவதை இல்லை. தள்ளுதல், இழுத்தல், பிழிதல், தவழ்தல், தொங்குதல் எதற்கும் சத்தம் வராது. இரண்டு கையையும் சுவரில் ஊன்றி "சுவரை நகர்த்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள், மூன்று வயதுப் பிள்ளை உயிரைக் கொடுத்துத் தள்ளும். வயிறு மேலே பார்க்கக் கையையும் காலையும் ஊன்றி நடக்கும் நண்டு நடை, இடுப்பைத் தூக்கிக்கொண்டு போகும் கரடி நடை இரண்டும் சத்தமில்லாதவை. பெரியவர்கள் ஒருமுறை செய்து பார்த்தால் தோள்பட்டை எவ்வளவு உழைக்கிறது என்பது புரியும். கோரைப்பாயில் குழந்தையைப் படுக்க வைத்து, தலையும் கழுத்தும் வெளியே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, மெல்லச் சுருட்டி, பிறகு முனையைப் பிடித்து உருட்டி விடுங்கள். "இன்னொரு தடவை" என்ற குரல் வராமல் இருக்காது. அழுதுகொண்டே பள்ளியிலிருந்து வரும் பிள்ளை இந்தப் பாய் உருட்டலில் அடங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிடிக்காத பிள்ளையும் உண்டு. அதை வற்புறுத்தக் கூடாது. வேண்டாம் என்று சொல்லும் உடம்பையும் நாம் மதிக்க வேண்டும்.

பாண்டி விளையாட்டை மறந்துவிட்டோம். சாக்பீஸால் கட்டம் போட்டு, நொண்டியடித்து, குனிந்து சில்லு எடுக்கும் அந்த ஒரு நொடியில் ஒற்றைக் காலில் நிற்க ஒரு குழந்தை எத்தனை தசைகளைக் கட்டுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது! தரைத்தள வீடென்றால் கூடத்திலேயே கட்டம் போடலாம். அஞ்சாங்கல்லுக்கு ஒரு முழம் இடம் போதும். பல்லாங்குழிக்கு அதுகூட வேண்டாம், பதினான்கு குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக உதிர்க்கும்போது விரல்நுனியும் எண்ணும் மனதும் சேர்ந்து ஓடும். கைக்குழந்தைக்கு உள்ளங்கையில் பருப்பு கடைந்து, முழங்கை வழியாக நண்டு ஊர்ந்து, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் ஆட்டத்தை நம் பாட்டிகள் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. லேசான தொடுகை, அழுத்தமான தொடுகை, அடுத்து என்ன வரப்போகிறது என்ற காத்திருப்பு எல்லாம் அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது.

இப்போது சென்சரி ப்ளே, அதாவது புலன் விளையாட்டு, என்ற பெயரில் விற்கிற பெட்டிகளைப் பற்றி. கலர் அரிசி, கலர் பாஸ்தா, பிளாஸ்டிக் தட்டு, மரக்கரண்டி. விலையைப் பார்த்தால் ஒரு மாத மளிகையில் பாதி. சாப்பிடுகிற அரிசிக்குச் சாயம் ஏற்றி, அளைந்துவிட்டுக் குப்பையில் கொட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அரிசியை அளையாதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. நம் சமையலறையில் தினமும் அளைய, பிதுக்க, உருவ, பிசைய எவ்வளவோ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? ஊறவைத்த மொச்சையைக் கொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோலை விட்டுப் பருப்பு சளக்கென்று வழுக்கி வெளியே பாயும். ஒரு பருப்பு கிண்ணத்தில், அடுத்தது ஃப்ரிட்ஜுக்கு அடியில். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் நசுங்கும், குறைவாக அழுத்தினால் வராது. எவ்வளவு அழுத்தினால் சரி என்று அந்த விரல்கள் தாமே கண்டுபிடிக்கும். அதே விரல்களுக்குத்தான் நாளை பென்சில். முருங்கைக்கீரை உருவுவது, பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, நனைந்த கைக்குட்டையைப் பிழிந்து கொடியில் போடுவது, வாசலில் கோலமாவை இரு விரலில் எடுத்துக் கோடு இழுக்கப் பழகுவது, எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஆண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வகுப்பில் பட்டன் போடத் தெரியாமல் தவிப்பவர்களில் வீட்டில் எதையும் தொட விடாமல் வளர்க்கப்பட்ட பையன்கள்தான் அதிகம். சிந்தும் என்ற பயம் எனக்குத் தெரியும். பழைய பெட்ஷீட்டை விரித்து அதற்கு மேல் உட்கார வையுங்கள், முடிந்ததும் நாலு முனையையும் சேர்த்து உதறிவிடலாம்.

சில விஷயங்களில் நான் கறாராக இருப்பேன். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் பட்டாணி, புளியங்கொட்டை, மொச்சை எதுவும் தனியாக இருக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்தால் நேரம் கிடைக்காது. குன்றிமணி அழகாக இருக்கிறதென்று எந்த வயதிலும் கொடுக்காதீர்கள், அது கொடிய விஷம். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் வாட்டர் பீட்ஸ் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள் போய் ஊதி அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் பெரிய கடைகளே குழந்தைகளுக்கான வாட்டர் பீட்ஸ் விற்பனையை நிறுத்துவதாக 2023இல் அறிவித்தன. வாளித் தண்ணீரில் விளையாடட்டும், அருகில் ஆள் இருக்க வேண்டும், முடிந்ததும் வாளி கவிழ வேண்டும். சில அங்குலத் தண்ணீரே சின்னக் குழந்தைக்கு ஆபத்து. சேலை ஊஞ்சலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆடுவது அருமையானது, தூளியில் வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் பெரிய பிள்ளைகள் தனியாகச் சுற்றி விளையாடி, சேலை கழுத்தில் இறுகி இறந்த செய்தி நம் ஊர்ப் பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஊஞ்சல். மற்ற நேரத்தில் சேலையை அவிழ்த்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் பிள்ளை கை அழுக்கானால் அலறுகிறது, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்தி ஓடுகிறது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வயதுக்கேற்ற பேச்சு வரவில்லை என்றால் வீட்டு விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைப் பார்க்கும் அரசின் மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையங்களில் பரிசோதிக்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. "பையன்னா லேட்டாத்தான் பேசுவான்" என்று சொல்லும் அத்தைக்கும் சித்திக்கும் பணிவாகத் தலையாட்டிவிட்டு, மறுநாளே கிளம்புங்கள்.

வீட்டுக்குள் சமாளிக்கலாம் என்று இவ்வளவு சொன்னதால், வெளியே இடம் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் எனக்குக் கோபம் உண்டு. தமிழ்நாட்டில் 3000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்குப் பத்து சதவீதத் திறந்தவெளி ஒதுக்கீடு என்ற விதி இருக்கிறது. அதைவிடச் சின்ன மனையில் எழும்பும் எங்களைப் போன்ற குடியிருப்புகளுக்கு அது பொருந்தாது. ஆக, கார்களுக்குக் கோடு போட்டு நம்பர் எழுதிய இடம் உண்டு, பிள்ளைகளுக்கு ஒரு சதுர அடி கிடையாது. போதாக்குறைக்கு "இங்கு விளையாடக் கூடாது" என்று படிக்கட்டருகே போர்டு.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907இல் எங்கே தொடங்கினார் தெரியுமா? ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில், ஒரு அடுக்குக் குடியிருப்பின் அறையில். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் படிக்கட்டிலும் சுவரிலும் கிறுக்கிக் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டட நிறுவனம் கவலைப்பட்டது. விரட்டவில்லை, ஒரு அறையை ஒதுக்கியது. ஐம்பது, அறுபது பிள்ளைகள் அங்கே தொட்டும் தூக்கியும் ஊற்றியும் துடைத்தும் கற்றார்கள். அதே மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயரைப் போட்ட மழலையர் பள்ளிகள் இன்று நம் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. கட்டட நிறுவனமே பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கிய அந்தத் தொடக்கம் மட்டும் நமக்கு ஞாபகத்தில் இல்லை.

அடுத்த மாதம் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்திருக்கும் கோரிக்கை இவ்வளவுதான். மாலை ஐந்து முதல் ஆறரை வரை, கீழ்த்தளப் பார்க்கிங்கின் பின்பக்கம் இரண்டு கார் நிற்கும் அளவு இடம். அந்த நேரத்தில் அதைச் சங்கிலி போட்டு மறிக்க வேண்டும், உள்ளே வண்டி வரக் கூடாது. பிள்ளைகளோடு தினம் ஒரு வீட்டிலிருந்து ஒரு பெரியவர் முறை வைத்து இருப்பார், முதல் வாரம் முழுக்க நான் இருக்கிறேன். தரையில் நிரந்தரமாக ஒரு பாண்டிக் கட்டம், பெயிண்ட் செலவு என்னுடையது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை என்கிறார்கள். அதனால் சொந்த வீட்டுக்காரர்களில் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். உங்கள் குடியிருப்பிலும் "விளையாடக் கூடாது" என்று ஒரு போர்டு இருந்தால் இந்தக் கோரிக்கையை அப்படியே எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுங்கள், நான் தட்டச்சு செய்த படிவத்தைக் கேட்டால் அனுப்புகிறேன்.