ஃபார்மில் தமிழ்னு போட்டா என்ன குறைஞ்சு போச்சு?

அமெரிக்காவில், நியூ ஜெர்சி எடிசன் பக்கத்து நம்ம வாட்ஸப் குரூப்பில் போன வாரம் நடந்த கூத்தை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். கிண்டர்கார்ட்டன் சேர்க்கை ஃபார்மில் "வீட்டில் பேசும் மொழி" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஒரு புது அப்பா அப்பாவியாகக் கேட்டார். பதினேழு பேர் பதில் சொன்னார்கள். "இங்கிலீஷ்னு போடுங்க ப்ரோ, இல்லேன்னா இஎஸ்எல்ல தள்ளிடுவாங்க." இஎஸ்எல் என்றால் இங்கிலீஷ் சரியாக வராத பிள்ளைகளுக்குப் பள்ளியில் தனியாக இங்கிலீஷ் சொல்லித் தரும் வகுப்பு. தமிழ்னு போடுங்க என்றது நான் ஒருத்திதான். கிடைத்தது மூன்று சிரிப்பு ஸ்மைலி.

தள்ளிடுவாங்களாம். பாழுங்கிணறு பாருங்க.

தமிழ் என்று எழுதினால் பள்ளியில் ஒரு டெஸ்ட் வைப்பார்கள், அவ்வளவுதான். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை பாஸ் பண்ணிவிட்டு கிளாஸுக்குப் போகும். தெரியாத பிள்ளைக்கு உதவி கிடைக்கும். அந்த உதவியும் வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துவிடலாம். இது யாரும் போட்ட பிச்சை இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் சீனக் குடும்பங்கள் வழக்குப் போட்டு, 1974-ல் சுப்ரீம் கோர்ட் வரை போய் வாங்கிய உரிமை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகாது என்றது கோர்ட். அந்த உரிமைக்கு பயந்துதான் நம் ஆட்கள் பொய் எழுதுகிறார்கள்.

என் பையனுக்கும் டெஸ்ட் வைத்தார்கள். குடைப் படத்தைக் காட்டியதும் "குடை" என்றான். டீச்சர் சிரித்துவிட்டு, அதை எப்படிச் சொல்வது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டு, மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டார். தினம் அரை மணி நேரம் இஎஸ்எல். இரண்டாம் வருஷம் வெளியே வந்துவிட்டான்.

"உங்களுக்கென்னக்கா, உங்க பையன் தப்பிச்சுட்டான்" என்பீர்கள். எதிலிருந்து தப்பித்தான்? "அந்த அரை மணி நேரம் பாடம் போகுமே" என்றால், சரி, போகும்தான். "பிள்ளைக்குத் தாழ்வு மனப்பான்மை வரும்" என்பவர்களுக்கு மட்டும் ஒன்று கேட்கிறேன்: வீட்டு மொழியை மறைத்து எழுதும் அப்பாவைப் பார்த்து வராதா? பொங்கல் விழாவில் பட்டு வேட்டியோடு "தமிழன்டா" ஸ்டேட்டஸ் போடுவதும் இதே பதினேழு பேர்தானே?

அவனுக்கு இப்போது பதிமூன்று வயது. ஈரோட்டிலிருந்து அம்மா கூப்பிட்டு "சாப்டியா சாமி" என்றால், "ஹாய் அம்மாயி, ஐ ஆம் குட்" என்று சொல்லிவிட்டு போனை என் கையில் திணிக்கிறான். இங்கிலீஷ் வராமல் போய்விடும் என்று பயந்தீர்களே, அது வந்துவிட்டது. வீட்டில் உட்கார இடமில்லாத அளவுக்கு வந்துவிட்டது. இதற்கு எந்தப் பள்ளியில் அரை மணி நேரம் ஒதுக்குவார்கள்?

இரண்டு வருஷம் முன்னால் சென்சஸ்காரர்களின் சர்வே ஃபார்ம் எங்கள் வீட்டுக்கு வந்தது. "இவர் வீட்டில் இங்கிலீஷ் தவிர வேறு மொழி பேசுகிறாரா?" என்று ஒவ்வொருவருக்கும் தனியாகக் கேள்வி. எனக்கு, வீட்டுக்காரருக்கு எல்லாம் யோசிக்காமல் போட்டேன். அவன் பேருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. போன வாரம் ரசத்துக்கு "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டானே என்று நினைத்து, "ஆம்" போட்டேன்.

யாரோ பொய் எழுதுகிறார்கள் என்று மேலே கத்தினேன் இல்லையா. வாங்க, இப்போ சிரிப்பு ஸ்மைலி போடுங்க.