ஆறு ஒன்று, மாவட்டம் மூன்று

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய இடங்களைப் பார்க்க வர விரும்பும் வெளியூர் நண்பர்கள் யோசனை கேட்டால், மாவட்டவாரியான சுற்றுலாப் பட்டியலை முதலில் ஓரமாக வைத்துவிடச் சொல்கிறேன். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. நிர்வாகத்துக்கு அது தேவைதான். அதில் எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. ஆனால் பொதிகையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, பிரிவினைக்கு முன்பு பிறந்த மாவட்டத்துக்குள்ளேயே கடலைச் சேர்ந்த ஆறு. சீமையின் வரலாறும் அந்த ஆற்றின் போக்கில்தான் கிடக்கிறது என்பதால், மாவட்ட எல்லையோடு திரும்புகிறவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

திருப்புடைமருதூரை எடுத்துக்கொள்ளுங்கள். கடனாநதி தாமிரபரணியோடு கூடும் துறையில் நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆற்றில் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ராஜகோபுரத்தின் உள்நிலைகளில் செதுக்கிய மரத்தூண்களும், சுவர் நிறைய ஓவியங்களும் இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. மேல்நிலைகள் எப்போதும் திறந்திருப்பதில்லை. கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, கையில் டார்ச்சுடன் ஏற வேண்டும். இருட்டில் வெளிச்சம் விழும் இடம் மட்டும் துண்டு துண்டாகத் தெரியும்: போருக்குப் போகும் படை, பரிவாரம், பிறகு பாய்மரக் கப்பல் ஒன்று, அதில் வரிசையாகக் குதிரைகள். கடலைக் காணாத ஓர் ஆற்றங்கரை ஊரின் கோபுரத்தில் குதிரைக் கப்பலுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கான விடை ஆற்றின் மறுகோடியில், இன்னொரு மாவட்டத்தில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கியதைக் குறித்துவைத்திருக்கிறார். ஓவியம் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. ஆனாலும் கடல் வழியாக வந்த குதிரை, பாண்டியருக்குப் பின்னும் இந்தப் பக்கத்து மக்களின் நினைவில் நின்றிருக்கிறது. இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தவருக்குத்தான் அந்தச் சுவர் விளங்கும்.

கொற்கையும் அப்படியே. முத்துக்குப் பெயர்பெற்ற, சங்கப் பாடல்கள் கொண்டாடும் பாண்டியர் துறைமுகம், இன்று வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது. துறைமுகமும் கடலைத் துரத்திக்கொண்டு பழையகாயலுக்கும் புன்னைக்காயலுக்கும் நகர்ந்தது. கொற்கையில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சலித்துக்கொள்வோர் உண்டு. ஒரு துறைமுகம் இருந்த இடத்தில் கடலே இல்லை என்பதைவிடப் பார்க்க வேறென்ன வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை.

திருநெல்வேலி நகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களை எல்லோரும் அறிவார்கள். அதற்கு முன்பே அல்வா வரிசையில் நின்றுவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். நகரத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே பேருந்தில் கடக்கும் பாலம், சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டி 1843இல் திறக்கப்பட்டது என்பதையாவது கூட வருகிறவர்களிடம் சொல்லுங்கள்.

திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரத்தில் கட்டாயம் இறங்க வேண்டும். நாயக்கர் காலத்து வேங்கடாசலபதி கோயிலின் ஆளுயரச் சிற்பங்களில், இளவரசியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவனின் முன்னால் நின்று, அவன் காலில் புடைத்திருக்கும் நரம்பைப் பாருங்கள். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த தூணுக்கு நகர்வதானால், அந்தப் படம் ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறது, பயணம் தேவையில்லை.

சிற்றாற்றின் கரையில் இருக்கும் தென்காசி சற்று விலகிய வழிதான், ஆனால் தவிர்க்கக் கூடாது. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஒரு குறை நேர்ந்து, அதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்று பாட்டாகவே கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். பிறக்காதவர்களுக்கு ஓர் அரசன் வைத்த விண்ணப்பம் அது. பிற்காலத்தில் கோபுரம் சிதைந்து நெடுநாள் மொட்டையாக நின்றதும், 1990இல் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டதும் தெரிந்தவர்களுக்கு அந்த வரிகள் வேறு விதமாகக் கேட்கும்.

வழித்திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் சொல். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதியோ, ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயமோ, ஒன்பதையும் ஒரே பகலில் முடிக்கும் வேன் பயணங்கள் தூணைப் பார்க்க விடாமல் ஓட்டுவதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். ஒரு நாளைக்கு இரண்டு கோயில் போதும். இடைப்பட்ட நேரத்தை, பழங்கால மக்கள் இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூர்ப் பரம்புக்குக் கொடுங்கள். 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டிய பொருள்கள் பெர்லினுக்கும், பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னைக்கும் போய்விட்டாலும், தாழிகள் கிடந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் கீழ் இப்போது காணக் கிடைக்கின்றன. நிழல் குறைவு, குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள்.