குழு ஆட்டத்தை நீக்கியிருக்க வேண்டாம்

2021 ஆகஸ்ட் 29 அன்று டோக்கியோ பாராலிம்பிக்கில் பவினா படேல் சக்கர நாற்காலி டேபிள் டென்னிஸ் ஒற்றையரில் வெள்ளி வென்றதை நாடே கொண்டாடியது. இரண்டு நாள் கழித்து அவரும் சோனல்பென் படேலும் பெண்கள் குழுப் போட்டியின் காலிறுதியில் சீனாவிடம் 0-2 எனத் தோற்றார்கள். அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எனக்கென்னவோ, இந்த விளையாட்டின் முழுச் சுவையும் அந்தக் குழு ஆட்டத்தில்தான் இருந்தது.

குழு ஆட்டத்தில் முதலில் இரட்டையர். சர்வும் அதற்கான பதிலும் முடிந்துவிட்டால் ஜோடியில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், மாறி மாறி அடிக்கத் தேவையில்லை. ஆனால் மேசையின் நடுக்கோட்டை அப்படியே பின்னால் நீட்டினால் வரும் எல்லையை நாற்காலி தாண்டக்கூடாது. தாண்டினால் புள்ளி எதிரணிக்கு. அதனால் எதிரணி நடுவில்தான் குறிவைக்கும். இது உன் பந்தா, என் பந்தா என்று ஒரு நொடி தயங்கினால் போதும், இருவருமே விட்டுவிடுவார்கள். அப்புறம் வலையை ஒட்டிக் குட்டையாக விழும் பந்து. எட்டிச் சாய்ந்து அடித்த பிறகு, மட்டை பிடிக்காத கையால் மேசையைத் தொட்டு நிமிரலாம், மேசை மட்டும் அசையக்கூடாது. அடிப்பதற்கு முன்பே கையை ஊன்றினால் புள்ளி போச்சு. வயிற்றுத் தசையில் வலு இல்லாதவர் அந்த ஒரு சாய்வுக்கு எவ்வளவு பயிற்சி எடுத்திருக்க வேண்டும்!

இது முடிந்த கையோடு ஒற்றையர். மொத்தம் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றால் வெற்றி என்பதால், ஜோடியாகத் தோற்ற அணியைத் தனியாளாக ஆடி ஒருவர் மீட்க வேண்டியிருக்கும். அந்த அழுத்தம் வேறு எந்தப் போட்டியிலும் வராது.

2024 பாரிஸில் குழுப் போட்டிகளை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு இரட்டையர் வந்தது. ஜோடியின் வகுப்பு எண்களை, அதாவது உடல் இயலாமையின் அளவைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் தரப்படும் எண்களை, கூட்டி 5 வரை ஒன்று, 10 வரை ஒன்று எனச் சக்கர நாற்காலிப் பெண்களுக்கு இரண்டு பிரிவுகள். கலப்பு இரட்டையரும் சேர்ந்தது. அதெல்லாம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் குழு என்றால் மூன்றாவதாக ஒருவரையும் அழைத்து வரலாம். வளர்ந்துவரும் வீராங்கனை பெரிய அரங்கில் உட்கார்ந்து மூத்தவர்களின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கும், தேவைப்பட்டால் இறங்குவதற்கும் அங்கே வழி இருந்தது. இரட்டையரில் அந்த மூன்றாவது இடமே இல்லை.

சரி, அட்டவணையில் நாள் போதாது என்றால் எட்டு அணிகளை மட்டும் வைத்து நேராகக் காலிறுதியிலிருந்து தொடங்கட்டும். இரட்டையரும் இருக்கட்டும், குழுவும் இருக்கட்டும்.