எத்தனை ரூபா வரி கட்டுறீங்க?

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நானும்தான் பகிர்ந்தேன். மறுபடி முழுக்க விவரிக்கப் போவதில்லை. கிராம சபையில் அந்த அக்கா கேட்டது ஒரே கேள்வி. "குழா போட்டு ஒன்றரை வருசமாச்சு, தண்ணி வரல. மொத்தம் எவ்வளவு செலவாச்சுன்னு சொல்லுங்க சார்." அதற்கு மைக்கில் வந்த பதில்: "நீங்க வருசத்துக்கு எத்தனை ரூபா வரி கட்டுறீங்க?" பின்னாலிருந்து நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரியின் பதிலைவிட அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. சிரித்தவர்கள் வீட்டிலும் தண்ணீர் வரவில்லை.

என் பதிவின் கீழே இரண்டு நாளாக வந்த கருத்துகளையும் படித்துக்கொண்டிருக்கிறேன். "பொது இடத்துல அதிகாரியை இப்படியா கேக்குறது?" "யாரோ எழுதிக் குடுத்துப் பேச வச்சிருக்காங்க." "விளம்பரம்." என்னோடு பள்ளியில் படித்தவர்களே இரண்டு பேர் இப்படி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதத் தெம்பில்லை. சேர்த்து இங்கே எழுதுகிறேன். அக்கா கேட்டது கணக்கு. கணக்கைச் சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

அந்த வரிக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், வருமான வரி கட்டும் நிலையில் இல்லை. ஆனால் அவர் போனுக்குப் போடும் ரீசார்ஜில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போகிறது. மகன் வண்டிக்குப் போடும் பெட்ரோலில் மத்திய அரசுக்கும் வரி, மாநில அரசுக்கும் வரி. வீட்டு வரி ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். இதையெல்லாம் விடுங்கள். அவர் கேட்டது, வீட்டுக்கு வீடு குழாயில் குடிதண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்துக் குழாயைப் பற்றி. 2019-ல் அந்தத் திட்டம் வந்தபோதே அதன் வழிகாட்டு விதிகளில் எழுதியிருக்கிறார்கள்: ஊருக்குள் நடக்கும் வேலையின் மூலதனச் செலவில் 10 சதவீதம் ஊர் மக்களின் பங்கு. மலைப்பகுதிகளிலும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் 5 சதவீதம். பணமாகவும் தரலாம், உழைப்பாகவும் தரலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று சொல்லி மக்களிடமே பங்கு கேட்கும் ஒரு திட்டத்தில், "நீ என்ன கட்டினாய்" என்று ஒருவர் மைக்கில் கேட்கிறார்.

இன்னொன்று. அவர் ஒரு பைசா வரி கட்டாதவராகவே இருக்கட்டும். அப்போதும் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) 2005-ல் வந்தது. அதன் 3-வது பிரிவு, குடிமக்கள் எல்லோருக்கும் தகவல் பெறும் உரிமை உண்டு என்கிறது. வரி கட்டுகிறவர்களுக்கு என்று அதில் எங்கும் இல்லை. 6(2) இன்னும் தெளிவு: தகவல் கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டியதே இல்லை. கிராம சபைக்கு ஒவ்வொரு முறையும் அரசு அனுப்புகிற கூட்டப்பொருளை எடுத்துப் பாருங்கள். ஊராட்சி நிர்வாகம், பொது நிதிச் செலவினம் குறித்து விவாதிப்பது என்று அதில் இருக்கும். அக்கா கூட்டப்பொருளில் இருந்ததைத்தான் கேட்டார். கூட்டமே அதற்குத்தான்.

"அதிகாரிகளும் மனுசங்கதானே, எத்தனை வேலை பாக்குறாங்க" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அவருக்கு நான் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். நான் ஒரு கிளார்க்கின் மகள்.

அப்பா முப்பத்தொரு வருடம் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். ஆடிட் வருகிறதென்றால் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு அப்பாவைப் பார்க்க முடியாது. பதிவேடுகளை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்து, வவுச்சர்களை எண் வாரியாக அடுக்கி, நூல் கோத்துக் கட்டுவார். எனக்கும் தம்பிக்கும் அந்த நூல்கண்டைப் பிடித்துக்கொள்ளும் வேலை. அப்படிப்பட்டவர் ஓய்வு பெறப் போகும் சமயத்தில், பல வருடம் முந்தைய ஒரு தணிக்கைத் தடை கிளம்பி வந்தது. ஸ்டேஷனரி வாங்கியதில் ஒரு ரசீது இல்லை. தொகை 312 ரூபாய். அந்தத் தடை தீராமல் நிலுவை இல்லை என்ற சான்று கிடைக்காது. அது கிடைக்காமல் பணிக்கொடை நகராது. அப்பா அந்த 312 ரூபாயைக் கைக்காசிலிருந்து சலானில் கட்டினார். அந்தச் சலான் இன்றும் டிரங்குப் பெட்டியில், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு அடியில் இருக்கிறது.

அம்மா ஆத்திரப்பட்டார். அப்பா ஒரு வார்த்தைதான் சொன்னார். "சர்க்கார் காசு. கேக்கத்தானே செய்வாங்க."

அதனால், அரசு ஊழியர்களை நான் வெறுக்கிறேன் என்று யாரும் எழுதாதீர்கள். அவர்களுடைய வேலைச் சுமை எனக்குத் தெரியும். காலியிடங்கள் நிரப்பப்படாமல் ஒரே ஆள் மூன்று மேசையைப் பார்ப்பதும் தெரியும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கையில் வந்தது. ஒருவர் தலையில் எத்தனையோ ஊராட்சிகள். கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைவர் என்று ஒருவர் இருந்தால் அடுத்த தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்பும் வழியாவது இருக்கும். தனி அலுவலரை என்ன செய்வது? ஓட்டுப் போட்டு மாற்ற முடியாதவரிடம் மக்களுக்கு இருப்பது கேள்வி மட்டும். அதையும் கேட்காதே என்றால் எங்கே போவது? 2016 முதல் 2019 வரையும் இப்படித்தான் தேர்தல் இல்லாமல் ஓட்டினார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது வேறு கட்சி. "நீ எந்தக் கட்சி" என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

312 ரூபாய்க்கு ஒரு கிளார்க்கைக் கேட்ட அரசாங்கம், குழாய்க்கு ஆன செலவை ஒரு பெண் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? இதை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பேன். கேட்டது கணக்கு. கணக்கைச் சொல்லுங்கள்.

"ஆர்டிஐ போடுறவன் பாதிப் பேர் காசு பறிக்கிறவன்." இது அடிக்கடி வருகிறது. அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். மனுவைப் போட்டுவிட்டு ஒப்பந்ததாரரிடம் பேரம் பேசி, மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிற ஒருவரை எங்கள் ஊரிலேயே எனக்குத் தெரியும். அவருக்கு விற்பதற்கு எப்படிச் சரக்கு கிடைக்கிறது? கணக்கு ஒளிந்திருப்பதால் கிடைக்கிறது. அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலேயே திட்டம், ஒதுக்கீடு, செலவு விவரங்களைத் துறைகளே வெளியிட வேண்டும் என்று 2005-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. எஸ்டிமேட் எவ்வளவு, யாருக்கு வேலை ஆணை, எவ்வளவு பில் போனது, இதை டேங்கின் மேலேயே பெயிண்டில் எழுதிவிடுங்கள். மிரட்டுகிறவனுக்கு அன்றோடு பிழைப்புப் போகும். இதைச் செய்யாமல், அவனைக் காட்டி அக்காவை உட்கார வைக்கிறார்கள்.

இந்தச் சட்டம் டெல்லியில் யாரோ பெரியவர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைக்குப் போன கூலிக்காரர்கள் கேட்டு வாங்கிய சட்டம் இது. செய்த வேலைக்கு முழுக் கூலி தராமல், அளவு குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த அளவுப் புத்தகத்தையும் வருகைப் பதிவேட்டையும் காட்டு என்று கேட்டவர்கள் அவர்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் எல்லோரும் சேர்ந்து 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 முதல் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு அந்தப் பதிவேடுகளை மக்கள் முன்னால் சத்தமாக வாசித்தது. செத்துப்போனவர்கள் பெயரிலும், ஊரிலேயே இல்லாதவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. 1996-ல் பியாவர் ஊரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்கள் முழக்கம். அவர்கள் எவ்வளவு வருமான வரி கட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்?

நம் ஊரிலும் மேடைக்கு மேடை உத்திரமேரூர் குடவோலையைப் பற்றிப் பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு வருடப் பழமை, உலகுக்கே முன்னோடி என்று. அதே கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. இந்த வரியை மேடையில் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. (அது நிலமும் சாதியும் உள்ளவர்கள் மட்டும் உட்கார்ந்த சபை. அந்த அக்கா அன்று அதற்குள் கால் வைத்திருக்க முடியாது. இன்று கால் வைக்க முடிகிற சபையில் வாயைத் திறக்க முடியவில்லை.)

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் தேய்த்துக்கொண்டே வருகிறார்கள். தனிநபர் தகவலை மறுக்கும் 8(1)(j) பிரிவில், பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்ற வாசகம் முன்பு உள்ளேயே இருந்தது. 2023-ல் கொண்டுவந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக அதை வெட்டி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கினார்கள். 8(2)-ல் பொதுநலன் வாசல் இன்னும் இருக்கிறது என்பார்கள். அதைத் திறக்க ஒவ்வொருவரும் மேல்முறையீடு, ஆணையம் என்று அலைய வேண்டும். ஒப்பந்ததாரர் பெயரும், நூறு நாள் வேலைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களும் நாளைக்குத் தனிநபர் தகவல் ஆகிவிட்டால், ராஜஸ்தானில் வாசித்ததை நாம் எங்கே வாசிப்பது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒரு தோழி உள்பெட்டியில் கேட்டாள். அதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை இங்கே எழுதியதில்லை.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு போட்டார்கள். முதல் மழையிலேயே பெயர்ந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எஸ்டிமேட்டும் எம்-புக் (அளவுப் புத்தகம்) நகலும் கேட்டு மனுப் போட்டேன். 30 நாள் ஆனது, பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகு நகல் வந்தது. எம்-புக்கில் ரோட்டின் நீளம் 240 மீட்டர். தம்பியை ஒரு முனையில் நிறுத்தி டேப் பிடித்து அளந்தேன். 165 மீட்டர்.

அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். என்னிடம் பேசவில்லை. அப்பாவிடம் பேசினார்கள். "சார், நீங்களும் ஆபீஸ்ல இருந்தவங்க. உங்களுக்குத் தெரியாததா? பாப்பாகிட்ட கொஞ்சம் சொல்லுங்க." குரலை உயர்த்தவே இல்லை. அம்மா காபி கொடுத்தார், குடித்துவிட்டுப் போனார்கள். போன பிறகு அப்பா நெடுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே வந்து, "இது வேணுமாம்மா?" என்றார். 312 ரூபாயை முகம் சுளிக்காமல் கட்டிய மனிதர்.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். புனே பக்கத்தில் நில மோசடிகளை வெளியே கொண்டுவந்த சதீஷ் ஷெட்டியை, 2010 ஜனவரியில் காலை நடைக்குப் போனபோது வெட்டிக் கொன்றார்கள். அதே வருடம் ஜூலையில், கிர் காட்டையொட்டி நடந்த சட்டவிரோதச் சுரங்கத்துக்கு எதிராக வழக்குப் போட்ட அமித் ஜெத்வாவைக் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டார்கள். அப்பா பேப்பர் வரி விடாமல் படிப்பவர். எனக்காகத்தான் பயந்தார்.

நான் அந்த மனுவைப் போடவில்லை. அந்த 75 மீட்டர் அப்படியே போனது. தெருவில் யாரும் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்கவும் இல்லை. ரோடு சரியில்லை என்று தினமும் பேசியவர்கள், நான் டேப் பிடித்தபோது வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனவர்கள்.

அதனால் அக்கா உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் பதறியது. நானும் ஒரு நாள் அப்படி உட்கார்ந்துவிட்டேன். என் பின்னாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். ஒருவர், ஒரே ஒருவர் எழுந்து "அந்தம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார்" என்று சொல்லியிருந்தால் போதும். அதிகாரியை எதிர்த்துப் பேச வேண்டாம். கோஷம் போட வேண்டாம். அந்த ஒரு வரி. அது கூடவா நமக்கு வரவில்லை? "யாரோ எழுதிக் குடுத்துப் பேச வச்சிருக்காங்க" என்று எழுத மட்டும் விரல் வருகிறது. தண்ணீர் வரவில்லை என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு யார் எழுதிக் கொடுக்க வேண்டும்? தினமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் அவர்தான்.

நேற்று சாயங்காலம் அக்காவைப் போய்ப் பார்த்தேன். மனு நான் எழுதித் தருகிறேன் என்றேன். மொத்த மதிப்பீடு, வேலை ஆணை நகல், எம்-புக் நகல், பில் தொகை, ஊர் மக்கள் பங்கு என்று வசூலித்தது எவ்வளவு. ஐந்தே கேள்வி. "எதுக்குக் கேக்குறேன்னு எழுத வேணாமா?" என்றார். வேண்டாம்க்கா, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்றேன். இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஸ்டாம்ப் காசு நான் போட்டுக்கொள்கிறேன் என்றதற்குச் சம்மதிக்கவில்லை. உள்ளே போய்ப் பத்து ரூபாய் எடுத்து வந்து என் கையில் வைத்து, "இதுக்கும் ரசீது வாங்கி வச்சுக்க" என்றார்.

நாளைக்குக் காலையில் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். என் பழைய மனுவையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அந்த ஊரில் இன்னும் யாராவது அதே மனுவைப் போடத் தயார் என்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன்.