எந்த ட்ராக் என்று கேட்டால் ஆயிரம் பேர் சொல்கிறார்கள், எந்த வரிசை என்று ஒருவரும் சொல்வதில்லை

ஜனவரி பிறந்தால் எனக்கு இதே வயிற்றெரிச்சல்தான். அமெரிக்காவின் பெரிய கார் பந்தயத் தொடரான நாஸ்கார் கப் அட்டவணையில் 36 ரேஸ் இருக்கிறது. அதில் ஒன்றுக்கு, ஒரே ஒன்றுக்குத்தான் என்னால் போக முடியும், ஏனென்றால் நான் இருப்பது ஒஹாயோவில், கொலம்பஸ் பக்கம், லீவு எண்ணி எண்ணித்தான் கிடைக்கும், குடும்பத்தோடு காரில் போய்த் தங்கித் திரும்ப ஒரு மாதச் சேமிப்பு போய்விடும். அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாரிடம் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான். "டேடோனா போ. வாழ்க்கையில் ஒரு தடவையாவது பார்க்கணும்." சரி, ஃப்ளோரிடாவில் இருக்கும் அந்த ட்ராக்குக்குப் போய் எங்கே உட்கார வேண்டும்? அதற்குப் பதிலே கிடையாது.

நாலு வருடம் முன்பு அப்படி ஒரு பேர்பெற்ற பெரிய ட்ராக்குக்குப் போனேன். பெயர் வேண்டாம். "கார்களுக்கு மிக அருகில்" என்று போட்டு டிக்கெட் விற்றார்கள், சென்னையில் கிரிக்கெட் பார்க்கும்போது பவுண்டரிக் கயிற்றோரம் உட்காரக் கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும் என்று வளர்ந்தவன் நான், நம்பி வாங்கிவிட்டேன். தரையிலிருந்து ஏழாவது வரிசை. முன்னால் கம்பி வேலி. அதைத் தாண்டி, ட்ராக்குக்கு நடுவே இருக்கும் இன்ஃபீல்டில் வரிசை வரிசையாக மோட்டார் வீடுகள் (தங்கும் வண்டிகள்), அவற்றின் கூரை மேல் கொடிகள், எதிர்ப்பக்க நேர்பாதை முழுக்க அவற்றுக்குப் பின்னால் மறைந்துபோனது. கார்கள் எங்களைக் கடக்கும்போது ஐந்தாறு நொடி நேரம் ஒரு வண்ணத் தீற்றல், காதைக் கிழிக்கும் சத்தம், முகத்தில் ரப்பர் துகள், அப்புறம் மறுபடி வரும்வரை வெறும் காத்திருப்பு. மூன்று மணி நேரம் இதுதான். கூட வந்த மச்சினன் பாதி ரேஸில் கேட்டான், "மாமா, இப்ப யார் முன்னாடி போறாங்க?" எனக்குத் தெரியவில்லை. அறுநூறு மைல் ஓட்டிக்கொண்டு வந்து, போனில் லைவ் பட்டியலைப் பார்த்து அவனுக்குப் பதில் சொன்னேன். தேர் பார்க்கப் போய்ச் சந்துக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி.

ஓவல் ரேஸில், அதாவது நீள்வட்ட ட்ராக்கில் சுற்றிச் சுற்றி ஓடும் ரேஸில், உட்காரும் உயரம்தான் எல்லாம். இந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தால் போதும், அந்த வருடம் வீணாகியிருக்காது. டேடோனா 2.5 மைல், வளைவில் 31 டிகிரி சாய்வு. அலபாமாவின் டல்லடேகா 2.66 மைல், 33 டிகிரி. முப்பது நாற்பது கார் ஒரே கூட்டமாக ஒட்டிக்கொண்டு போகிற இடங்கள் இவை. அந்தக் கூட்டத்துக்குள் யார் யாரைப் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், எந்த வரிசைக் கார்கள் முன்னேறுகின்றன, யார் தனியாக விடப்பட்டுப் பின்னுக்குப் போகிறார் என்பதுதான் அங்கே ஆட்டம். அது மேலே இருந்து பார்த்தால்தான் தெரியும். கீழ்வரிசையில் உட்கார்ந்தவனுக்குக் காற்று மட்டும்தான் வந்து அடிக்கும். கச்சேரிக்கும் சினிமாவுக்கும் சீட் விற்கிறவர்கள்கூட இங்கிருந்து பார்த்தால் மேடை இப்படித் தெரியும் என்று படம் போடுகிறார்கள். ரேஸ் டிக்கெட்டில் எத்தனை இடத்தில் ஒரு வண்ணம் அடித்த வரைபடமும் ஒரு எண்ணும்தான் இருக்கிறது, ஏழாவது வரிசையில் என்ன தெரியும், நாற்பதாவது வரிசையில் என்ன தெரியும் என்று ஒரு போட்டோ எடுத்துப் போட இவர்களுக்கு என்ன கேடு?

அதற்காகச் சின்ன ட்ராக் போனால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பிரிஸ்டல் எனக்கு உயிர். டென்னசி மலைகளுக்கு நடுவில் 0.533 மைல் கான்கிரீட் கிண்ணம், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் முழு ட்ராக்கும் கண்ணுக்குள் அடங்கும், ஒரு சுற்று பதினைந்து பதினாறு நொடிதான், மூச்சுவிட நேரமில்லை. ஆனால் 2024-ஐப் பாருங்கள். மார்ச்சில் நடந்த ரேஸில் டயர்கள் மளமளவென்று தேய்ந்தன, யாருக்கும் எதுவும் கைக்கு அடங்கவில்லை, முன்னிலை 54 தடவை கை மாறியது. அதே வருடம் செப்டம்பரில், அதே ட்ராக்கில், இரவு ரேஸில், 500 சுற்றில் 462 சுற்று கைல் லார்சனே முன்னால் போனார். மார்ச்சைப் பார்த்துவிட்டு ஆசை ஆசையாகச் செப்டம்பருக்கு டிக்கெட் எடுத்தவன் என்ன பாவம் செய்தான்? அன்றைக்கு டயர் எப்படித் தேயும் என்பதை வைத்து ரேஸ் தலைகீழாக மாறுகிறது, ஆறு மாதம் முன்பே பணம் கட்டுகிறவனுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. 2022-இல் நாஸ்காரில் புது மாடல் கார் வந்ததிலிருந்து சின்ன ட்ராக்குகளில் முன்னால் போகிறவரைத் தாண்டுவதே கஷ்டமாகிவிட்டது என்று ஓட்டுநர்களே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. பெயர் அதேதான் இருக்கும், ட்ராக் அது இருக்காது. பிரிஸ்டலின் வசந்தகால ரேஸுக்கு 2021 முதல் 2023 வரை கான்கிரீட் மேல் மண்ணைக் கொட்டி ஓட்டினார்கள். இண்டியானாபொலிஸில் அதே மூன்று வருடம் ஓவலை விட்டுவிட்டு உள்ளே இடமும் வலமுமாக வளைந்து போகும் ரோடு கோர்ஸில் ஓட்டினார்கள், 2024-இல்தான் ஓவலுக்குத் திரும்பினார்கள். அட்லாண்டாவில் பழைய தேய்ந்த தார் ஒரு தனி ருசி, டயரைப் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டிய இடம், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு 2022-இல் வளைவுச் சாய்வை 28 டிகிரிக்கு ஏற்றி, டேடோனா மாதிரிக் கூட்டமாக ஓடும் இடமாக ஆக்கிவிட்டார்கள். அது மோசம் என்று சொல்ல மாட்டேன், 2024 பிப்ரவரியில் மூன்று கார் பக்கத்துப் பக்கத்தில் முடிவுக் கோட்டைத் தொட்டு 0.003 நொடியில் டேனியல் சுவாரஸ் ஜெயித்ததைப் பார்த்து வீட்டில் நானே கத்தினேன். ஆனால் பத்து வருடம் முன்பு அங்கே போய்வந்தவர் சொல்கிற அறிவுரை இன்றைக்கு எதற்கு ஆகும்? கலிபோர்னியாவில் ஃபான்டானா, இரண்டு மைல் ஓவல், நாலைந்து கார் பக்கத்துப் பக்கத்தில் போகும் அகலம், "அடுத்த வருடம் போகலாம், அடுத்த வருடம் போகலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். 2023 பிப்ரவரியோடு முடிந்தது. அப்புறம் இடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதே 2023-இல்தான், 1996-இல் மூடிய நார்த் வில்க்ஸ்பரோ ட்ராக்கைத் திறந்து ஆல்ஸ்டார் ரேஸ் நடத்தினார்கள். செத்தது பிழைக்கிறது, உயிரோடு இருப்பதை இடிக்கிறார்கள். இதில் ஐந்து வருடத் திட்டம் போட்டு ஒவ்வொரு ட்ராக்காகப் பார்க்கலாம் என்று ஒரு ரசிகன் எப்படி உட்கார்ந்து எழுதுவது?

மழைக்கு வருகிறேன். பெரிய ஓவல்களில் ஈரம் இருந்தால் ஓட்ட மாட்டார்கள், அது பாதுகாப்பு, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஞாயிறு மழை என்றால் திங்கள் நடத்துவார்கள், உன் டிக்கெட் திங்கள் செல்லும். உள்ளூர்க்காரனுக்குச் சரி. திங்கள் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங் வைத்திருக்கும் வெளியூர்க்காரன் அந்த டிக்கெட்டை வைத்து என்ன செய்வான்? 2024 டேடோனா 500 திங்களுக்குத் தள்ளிப்போனது. அன்று பிரசிடென்ட்ஸ் டே, அரசு விடுமுறை, ஆனால் என்னைப் போல் தனியார் கம்பெனியில் இருக்கிற பாதிப்பேருக்கு அது வேலை நாள். சரி, எல்லோருக்கும் லீவு இருக்கிற திங்களாகப் பார்த்துப் போகலாம் என்றால் மெமோரியல் டேக்கு முந்தின நாள் சார்லட்டில் 600 மைல் ரேஸ் இருக்கிறது. அதே 2024-இல் 400 சுற்றில் 249 முடிந்தபோது மழை வந்தது, நின்றது, ராத்திரி ரொம்ப நேரம் காய வைத்துப் பார்த்துவிட்டு அத்தோடு முடித்துவிட்டார்கள். பாதித் தூரம் தாண்டிவிட்டால் ஓடியவரைக்கும் ஓடியதே முழு ரேஸ், அதுதான் விதி. மறுநாள் நாடு முழுக்க விடுமுறை, மீதி 151 சுற்றையும் ஓட்டியிருக்கலாம், ஓட்டவில்லை. அன்று மத்தியானம் இண்டியானாபொலிஸில் இண்டி 500 என்ற வேறொரு பந்தயத்தை ஓட்டிவிட்டு விமானத்தில் பறந்து வந்து இறங்கிய லார்சன் ஒரு சுற்றுகூட ஓட்டாமல் நின்றார். அவருக்கே அந்த நிலை என்றால் ஸ்டாண்டில் பாலிதீன் கோட்டுக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை யார் நினைப்பார்கள்?

ஹோட்டல் கதையைச் சொன்னால் ரத்தம் கொதிக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு மாதம் முன்பே சாதாரண விலையில் அறை போட்டு, உறுதி என்று மெயிலும் வந்தது. ரேஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது "சிஸ்டத்தில் தவறு, உங்கள் புக்கிங் ரத்து" என்றார்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்தில் அதே அறை மூன்று மடங்கு விலையில் இருந்தது, மூன்று இரவு கட்டாயம் என்ற நிபந்தனையோடு. போன் செய்து கேட்டேன், "அது ரேஸ் வீக்கெண்ட் சார்" என்றார்கள், ஏதோ இயற்கைச் சீற்றம் மாதிரி. கடைசியில் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு ஊரில் தங்கி, ரேஸ் முடிந்து புல்வெளிப் பார்க்கிங்கிலிருந்து வெளியே வரவே இரண்டு மணி நேரம் ஆகி, பொண்ணு பின்சீட்டில் தூங்கிப்போக, விடிகாலை மூன்று மணிக்கு அறைக்கு வந்தோம்.

இவ்வளவுக்கும் ஏன் போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். ரேஸ் தொடங்கப் பச்சைக் கொடி விழும் அந்த நொடியில் நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு அதிர்வு வரும் பாருங்கள், டிவியில் அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஸ்கேனர் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு, ஓட்டுநர் தன் ஆட்களோடு பேசுவதை நேரடியாகக் கேட்டுக்கொண்டே அந்தக் காரைக் கண்ணால் தொடர்வது வேறு எந்த விளையாட்டில் கிடைக்கும்? அது பிடித்துப்போனதால்தான் இவ்வளவு கோபம்.

இந்த வருடம் தெற்குக் கரோலினாவின் டார்லிங்டன். 1950-இல் திறந்த ட்ராக், நிலம் கொடுத்தவரின் மீன் குளத்தைத் தொடக் கூடாது என்பதற்காக ஒரு முனையைக் குறுக்கி முட்டை வடிவில் கட்டியது, இரண்டு முனையும் ஒன்றுபோல் இல்லாத 1.366 மைல், வளைவுகளில் சுவரை உரசுகிற மாதிரி ஓட்ட வேண்டியிருக்கும். அங்கே நடக்கும் சதர்ன் 500 ரேஸ், லேபர் டேக்கு முந்தின நாள், திங்கள் எனக்கு லீவு. ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத டிரைவ். அங்கே போய் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: முதல் வளைவுப் பக்கமா, நாலாவது வளைவுப் பக்கமா, எத்தனையாவது வரிசையிலிருந்து எதிர்ப்பக்க நேர்பாதை முழுதாகத் தெரியும்? "அருமையான ட்ராக், கட்டாயம் போங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். வரிசை எண் வேண்டும். போனில் எடுத்த போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. டார்லிங்டனுக்குப் பக்கத்து ஊரான ஃப்ளாரன்ஸ் பக்கம் சொன்ன விலையில் அறை கொடுக்கிற இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள், நாளைக்கே போன் செய்கிறேன்.