அது பொண்டாட்டியை மாத்துற கதை இல்லைங்க

முந்தாநாளிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பன்னிரண்டு நிமிட 'கதை விளக்கம்' வீடியோவைப் பற்றித்தான். லிங்க் போட மாட்டேன். பாதிப் பேர் எனக்கே அனுப்பியாச்சு, "உங்களுக்குப் பிடிச்ச டிராமாவாச்சே" என்று சிரிப்புப் பொம்மையோடு. "டார்ச்சர் பொண்டாட்டியை ரெண்டே காயின்ல மாத்துன புருஷன்" என்று தலைப்பு. கீழே கமெண்டில் வரிசையாக, "அந்தக் காயின் எங்க ப்ரோ கிடைக்கும்?"

அந்த வீடியோ விளக்குவது 'ஃபெமிலியர் வைஃப்' என்ற கொரிய டிராமாவை. ரயிலில் ஒரு மர்ம ஆளைச் சந்திக்கும் புருஷன், ரெண்டு காயினை டோல்கேட்டில் போட்டு 2006-க்குத் திரும்பிப் போகிறான், வாழ்க்கையே மாறிவிடுகிறது. ஆனால் அது பொண்டாட்டியை மாத்துற கதை இல்லை. இதைத்தான் அங்கேயும் எழுதினேன். "டிராமாவை டிராமாவா பாருங்க மேடம்" என்று பதில் வந்தது. சரி, டிராமாவாகவே பார்ப்போம்.

2018 ஆகஸ்ட், செப்டம்பரில் டிவிஎன் என்ற கொரியச் சேனலில் புதன், வியாழன்களில் வந்தது. 16 எபிசோடு. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். நடிப்பு ஜி சுங், ஹான் ஜி-மின். கொரியத் தலைப்பு 'ஆனுன் வைப்பு', 'தெரிந்த மனைவி' என்று பொருள். அந்தத் தலைப்பிலேயே ஒரு குத்தல் இருக்கிறது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு அவளைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

முதல் எபிசோடில் கேமரா முழுக்கப் புருஷன் ஜூ-ஹ்யோக்கின் தோளிலேயே உட்கார்ந்திருக்கும். வங்கியில் திட்டு வாங்குகிறான். வீட்டுக்கு வந்தால் மனைவி ஊ-ஜின் கத்துகிறாள். ரகசியமாகச் சேர்த்து வாங்கிய கேம் கன்சோலைத் தண்ணீரில் போடுகிறாள். ஏன் கத்துகிறாள் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். வேண்டுமென்றேதான். எழுதிய யாங் ஹீ-சுங் நம்மையும் அவனோடு சேர்ந்து "அய்யோ பாவம்" சொல்ல வைத்து, அப்புறம் பிடிக்கிறார். இரண்டு குழந்தைகள், அவளுக்கும் ஒரு வேலை, இவன் தப்பித்து ஓடும் கேம். இதெல்லாம் பின்னால் துண்டு துண்டாக, அவன் நினைவுகளாக வருகிறது. கோபம் முன்னால், காரணம் பின்னால்.

விளக்க வீடியோக்காரர் என்ன செய்கிறார்? பழைய நினைவுக் காட்சிகளெல்லாம் கதையை நகர்த்தவில்லை என்று வெட்டுகிறார். வெட்டினால் என்ன மிஞ்சும்? கோபம் மட்டும்தான். தலைப்பும் தானாகக் கிடைத்துவிடும்.

அடுத்தது, மாறிய காலம். 2006-க்குப் போனவன் பஸ்ஸில் மாட்டிக்கொண்ட பள்ளிச் சிறுமி ஊ-ஜினுக்கு இந்தமுறை உதவாமல் போகிறான். முதல் காதலி ஹே-வோனைப் பார்க்கப் போய், அவளையே கட்டிக்கொள்கிறான். மாமனார் வீடு வசதி. ஆஹா ஓஹோ. பிறகு அவன் வங்கிக்கே ஊ-ஜின் புது ஊழியராக வந்து சேர்கிறாள். சிரிக்கிறாள், வேலையில் கெட்டிக்காரி, எல்லோருக்கும் பிடித்தவள். வீடியோவில் இதற்கு, "பாருங்க, இப்ப செம்ம கூல் ஆயிட்டா" என்று ஒரே வரி.

அவள் அம்மாவுக்கு இந்தக் காலத்திலும் அல்ஸைமர்தான். தனியாளாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வேலையும் இருக்கிறது. சுமை அப்படியே இருக்கிறது, அவள் வாழ்க்கையிலிருந்து எடுத்தது ஒரே ஒரு பொருளை. புருஷனை! கணக்கு வாத்தியார் போடுவதுபோல் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், இதற்கு மேல் எப்படிச் சொல்வது? அவளை இப்படி ஆக்கியது நான்தான் என்று கடைசியில் அவனே ஒத்துக்கொள்கிறான். அவனுக்கே புரிந்தது கமெண்ட் போட்ட 400 பேருக்குப் புரியவில்லை.

அந்த அம்மா காட்சிக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கோபம் அதில்தான். புதுக் காலத்தில் ஜூ-ஹ்யோக் அந்த அம்மாவுக்கு யாரோ. ஆனால் பார்த்தவுடன் "சா சோபாங்" என்கிறார். கொரியாவில் மாமியார் மருமகனைக் குடும்பப் பெயரோடு 'சோபாங்' சேர்த்துக் கூப்பிடுவது வழக்கம். நம் 'மாப்பிள்ளை' அச்சு அசலாகப் பொருந்தும். மறதி நோய்க்காரர் ஒருவருக்கு மட்டும் அழிந்துபோன காலம் நினைவிருக்கிறது. மொத்த டிராமாவும் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. வீடியோவில் "அந்தம்மா 'தம்பி'ன்னு கூப்பிட்டு ஷாக் கொடுக்குது" என்கிறார். தம்பி என்று கூப்பிட்டால் எதற்கய்யா ஷாக்?

எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்காவுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் பாதிதான் ஓடும். அந்தக் காட்சியில் "மாப்ளைன்னுதான கூப்பிடுது அந்தம்மா?" என்றார். நடிகை லீ ஜுங்-உன் முகத்தைப் பார்த்தே. அவ்வளவுதான் வேண்டும்.

"இது ஆம்பளை ஆசைக் கனவுதானே, இதுக்கா இவ்ளோ வக்காலத்து?" என்று சில தோழிகள் கேட்பீர்கள். நியாயம். காலம் தாண்டும் வாய்ப்பு முதலில் அவனுக்குத்தான், 16 எபிசோடில் பாதிக்கு மேல் அவன் வருத்தம்தான் ஓடுகிறது. ஹே-வோனைக் கடைசியில் கெட்டவளாக்கிக் கழற்றிவிட்டது சோம்பேறித்தனம். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வீடியோ சொன்னது இந்தக் குறையையா? இல்லையே, குறையையே பெருமையாக விற்றது.

"ரயில்ல வர்ற அந்தாளு யாரு, டோல்கேட் எங்கிருந்து வந்துச்சு, லாஜிக் இல்ல" என்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. போய் வேறு ஏதாவது பாருங்கள்.

"16 மணி நேரம் எங்களுக்கு ஏது?" சரி, இல்லை. அப்படியானால் 12 எபிசோடு 'கோ பேக் கப்பிள்' பாருங்கள், 2017, கேபிஎஸ் சேனலில் வந்த கொரிய டிராமா. விவாகரத்து செய்த மறுநாள் இருவருமே 1999-இல் காலேஜ் பிள்ளைகளாக விழிக்கிறார்கள். 38 வயதுக்காரர்களுக்கு மறுபடி 20, கொரியக் கணக்கில். அங்கே மனைவி ஜின்-ஜூவுக்கு இறந்துபோன அம்மா உயிரோடு கிடைக்கிறார், ஆனால் பெற்ற பிள்ளை அந்தக் காலத்தில் இல்லை. திரும்புவதா, இருப்பதா? காலப் பயணத்துக்கு விலை வைத்தால் கதை எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அதையும் யாராவது "பழைய பொண்டாட்டியையே மறுபடி லவ் பண்ண ஹீரோ" என்று போட்டிருப்பார்கள். பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை.

2024-இல் 'மேரி மை ஹஸ்பண்ட்' என்ற கொரிய டிராமா வந்தபோது என்ன தலைப்பு வைத்தீர்கள்? அதில் புருஷன் மனைவியின் உயிர்த்தோழியோடு படுத்துவிட்டு, புற்றுநோயில் கிடக்கும் மனைவியைக் கொன்றே விடுகிறான். அவள் பத்து வருஷம் பின்னால் 2013-இல் விழிக்கிறாள். நடக்க வேண்டியது நடந்தே தீரும், ஆள்தான் மாறும் என்பது அங்கே விதி. அதற்கு "செம்ம ரிவெஞ்ச் ஸ்டோரி". 'டார்ச்சர் புருஷன்' என்று யாரும் எழுதவில்லை. கொலை செய்தவன் வில்லன், அவ்வளவோடு முடிந்தது. கன்சோலைத் தண்ணீரில் போட்டவள் மட்டும் டார்ச்சர்.

எனக்கு இந்த டிராமாவை யாரும் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை இப்போது. "மேடத்துக்கு வீட்ல என்ன பிரச்சனையோ" என்று ஒரு நட்பு வட்டத்து மனிதரே எழுதியிருந்தார். அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் போயிருக்கிறேன், அவர் மனைவி கையால் சாப்பிட்டிருக்கிறேன். அன்று பந்தி முடியும்வரை அந்த அக்கா உட்காரவே இல்லை. இது சம்பந்தமில்லாத விஷயம்தான், தெரியும்.

சரி, காயின் கேட்டவர்களுக்கு. 500 வொன், நம் காசுக்கு முப்பது ரூபாய் சுமாருக்கு. ஒரு பக்கம் கொக்கு, மறுபக்கம் எண்ணும் வருஷமும். வருஷம் 2006 என்று இருக்க வேண்டும், ரெண்டு வேண்டும். டோல்கேட்டில் போட வேண்டும். கதையின் பின்பாதியில் ஊ-ஜினும் அதே வழியில் 2006-க்குப் போகிறாள். எதற்குப் போனாள் என்பதை அந்த வீடியோ எத்தனை விநாடியில் சொன்னது என்று போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து கமெண்ட் போடுங்கள்.